கடுகு மஞ்சள்: நான்கு சுவரா, ஒரு சுவரா, பாதிச் சுவரா?

12க்கு 10 அடி அறை, 9 அடி உயரம். ஒரு லிட்டர் பெயின்ட் ஒரு கோட்டுக்கு 110 சதுர அடி ஓடும், மொத்தம் இரண்டு கோட் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

நான்கு சுவரும் என்றால், கதவு ஜன்னல் போக சுமார் 350 சதுர அடி. ஆறரை லிட்டர் பிடிக்கும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின்மேல் ஒன்று மஞ்சளை வீசுவதால், ஷேட் கார்டில் பார்த்ததைவிட நிறம் ஏறித் தெரியும். பிடித்த ஷேடுக்கு ஒரு படி வெளிறியதை எடுங்கள். சீலிங் பளீர் வெள்ளையாக இருந்தால் பக்கத்து மஞ்சளால் நீலம் பாய்ந்ததுபோல் தோன்றும். க்ரீம் கலந்த வெள்ளை அடங்கி நிற்கும்.

ஒரு சுவர் மட்டும் என்றால் இரண்டே லிட்டர், வேலையும் குறைவு. ஆனால் ஜன்னல் இருக்கும் சுவரைத் தொடாதீர்கள். வெளிச்சம் அதன் வழியாக வருகிறதே தவிர, அதன்மேல் விழுவதில்லை. பகலிலேயே சேற்றுப் பழுப்பாக நிற்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்தான் சரி.

பாதிச் சுவர், அதாவது தரையிலிருந்து 3 அடி: இரண்டேகால் லிட்டர். எங்கள் ஓட்டு இதற்கே. கை, நாற்காலி, பை எல்லாம் உரசுவது அந்த உயரத்தில்தான். அழுக்கைக் கடுகு மஞ்சள் தாங்கும், மேலே வெளிர்நிறம் வெளிச்சத்தைக் காக்கும். கஷ்டம் இரண்டு நிறமும் சந்திக்கும் எல்லைக் கோட்டில்தான். மட்டம் பார்த்து டேப் ஒட்டியதும், டேப் விளிம்பில் முதலில் மேல்பகுதி நிறத்தையே மெல்லியதாக ஓட்டிக் காயவிடுங்கள். கசிந்தால் அந்த நிறம்தான் கசியும். பிறகு மஞ்சள், கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக உரியுங்கள். காய்ந்தபின் உரித்தால் பெயின்ட் தோலும் கூடவே வரும்.

பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ், சுவரில் பூசிய பட்டியின் (புட்டி) மேடுபள்ளத்தை மறைக்கும், ஆனால் அழுத்தித் துடைத்த இடம் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். லேசாகப் பளபளக்கும் சாட்டின் துடைக்கத் தாங்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் உப்புத்தாள் சரியாகப் படாத இடமெல்லாம் தெரிந்துவிடும். பாதிச் சுவருக்கு சாட்டின், மற்ற இரண்டுக்கும் மேட்.

எந்த வழியானாலும் பலர் சறுக்குவது பெயின்டுக்கு அடியில் பூசும் ப்ரைமரில். பிரகாசமான மஞ்சள் நிறமிகளுக்கு மூடும் திறன் குறைவு; வெள்ளை ப்ரைமர்மேல் இரண்டு கோட் போட்டும் ரோலர் தடம் வரிவரியாகத் தெரியும், மூன்றாவது கோட் கேட்கும். ப்ரைமரையே வெளிர் பழுப்பாக டின்ட் செய்துவிட்டால் அந்தக் கோட் பெரும்பாலும் மிச்சம். இரும்பு ஆக்சைடு மஞ்சளை அடிப்படையாகக் கொண்ட ஷேடுகள் நன்றாக மூடும், வெயிலுக்கும் எளிதில் வெளுக்காது.

பல்பு 2700 முதல் 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்). கடுகு நிறத்தில் கறுப்புச் சாயல் உண்டு. மஞ்சளோடு சேர்ந்தால் அது பச்சைப் பக்கம் சாயும், 6500 கெல்வின் வெள்ளை விளக்கு அதை இன்னும் தூக்கிக் காட்டும். ஒரு அட்டையில் இரண்டு கோட் அடித்து, பூசப்போகும் சுவரில் சாய்த்து, பகலிலும் விளக்கிலும் பாருங்கள். வெவ்வேறு டப்பாக்களில் நிறம் லேசாக மாறலாம். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்த பிறகே ரோலரை நனையுங்கள்.