மரத்துப்போகும் கைக்கு ஸ்பிளிண்டா, ஊசியா, யோகாவா, கத்தியா?

நடுராத்திரியில் கை மரத்துப்போய் எழுந்து, உதறி உதறி உயிர் வரவைத்து, மறுபடி படுப்பவர்களுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ஒருவர் ஸ்பிளிண்ட் (மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் தகடு வைத்த பட்டை) கட்டச் சொல்வார். இன்னொருவர் அக்குபங்சர் என்பார். மூன்றாமவர் "ஆபரேஷன் பண்ணிடுங்க, சின்ன வேலைதான்" என்று முடித்துவிடுவார். இதில் ஆங்கில மருத்துவம், மாற்று மருத்துவம் என்று கட்சி பிரிப்பதால் ஒரு லாபமும் இல்லை. நரம்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ராத்திரி மட்டும் வந்து போகும் மரமரப்பு என்றால் எளிய வழிகளைச் சில வாரம் முயன்று பார்க்க அவகாசம் உண்டு. நாள் முழுக்க உணர்ச்சி இல்லை, கட்டைவிரலின் அடிச்சதை வற்றுகிறது, பட்டன் போட வரவில்லை, பிடித்த பொருள் நழுவுகிறது என்றால் அந்த அவகாசம் கிடையாது.

அதற்கும் முன்னால், இது கார்ப்பல் டனல்தானா, அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதால் வரும் தொந்தரவுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றுக்கு மேலே குறுக்காகக் கிடக்கும் தடித்த நாருக்கும் நடுவில் ஒரு இடுக்கு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. அந்த நரம்புக்கு உரியவை கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் அதன் கணக்கில் இல்லை. சுண்டுவிரல்தான் முக்கியமாக மரக்கிறது என்றால் முழங்கையிலோ கழுத்திலோ தேட வேண்டியிருக்கும். தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், முடக்குவாதம், கர்ப்பம் எல்லாம் இதைக் கொண்டுவரும். கர்ப்பத்தில் வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகக் குறைந்துவிடும். தைராய்டைக் கவனிக்காமல் மணிக்கட்டுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது பாதி வேலைதான்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். ஸ்பிளிண்டையும், வீக்கத்தைத் தணிக்க மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பிளிண்ட் செய்வது ஒன்றே ஒன்று: தூக்கத்தில் மணிக்கட்டை மடங்க விடாமல் வைப்பது. மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினாலும் பின்பக்கம் வளைத்தாலும் அந்த இடுக்கில் அழுத்தம் பல மடங்கு ஏறும். தலையணைக்கு அடியில் கையை மடக்கி வைத்துத் தூங்குபவர்கள் இதைத்தான் மணிக்கணக்கில் செய்கிறார்கள். "ஸ்பிளிண்ட் போட்டேன், பலனில்லை" என்பவர்களின் ஸ்பிளிண்டை ஒருதடவை கவனியுங்கள். பல ரெடிமேட் ஸ்பிளிண்டுகளில் உள்ளங்கைப் பக்கத் தகடு கையைப் பின்பக்கம் தூக்கி நிறுத்துகிற மாதிரி வளைந்திருக்கும். கை முன்கையோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். தகட்டைக் கழற்றி நிமிர்த்திப் போட்டாலே வித்தியாசம் தெரியலாம். விரல்களைத் தாராளமாக மடக்க முடிய வேண்டும், இறுக்கிக் கட்டவும் கூடாது. நாலு ராத்திரி போட்டுவிட்டுக் கைவிட்டால் ஒன்றும் தெரியாது, ஆறு வாரமாவது பார்க்க வேண்டும்.

ஊசி வேகமானது. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசியையும் ஆறு வார ராத்திரி ஸ்பிளிண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்களுக்கு நல்ல முன்னேற்றம். ஆறாவது மாதத்தில் இரண்டு அணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2013இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு இன்னும் கறாரானது: ஸ்பிளிண்டில் குணமாகாதவர்களுக்கு ஊசி போட்டபோது பத்து வாரத்தில் பலன் தெரிந்தது. ஆனாலும் ஒரு வருஷத்துக்குள் அவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுவை சிகிச்சைக்குத்தான் போனார்கள். ஆக, தூக்கமே இல்லாமல் தவிப்பவருக்கும், பிரசவம் வரை தள்ளிப்போட வேண்டியவருக்கும் ஊசி நல்ல வழி. நிரந்தரத் தீர்வு என்று நம்பிப் போடக்கூடாது. சர்க்கரை நோயாளிகள் ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வலி மாத்திரைகளைப் பற்றி ஒரே வரி: இந்த மரமரப்புக்கு அவை உதவியதாகச் சான்று இல்லை.

மாற்று வழிகளில் யோகாவுக்குத்தான் கொஞ்சம் கனமான ஆதாரம். 1998இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில், எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் ஆசனங்கள் செய்தவர்களுக்கு வலி குறைந்து பிடிமானம் கூடியது. ஆனால் கலந்துகொண்டவர்கள் வெறும் 42 பேர். நரம்பின் மின்கடத்தலில் ஒப்பீட்டு அணியைவிடக் குறிப்பிடும்படியான மாற்றமும் இல்லை. செய்து பார்ப்பதில் தப்பில்லை, உள்ளங்கையை ஊன்றி உடல் பாரத்தைத் தாங்கும் ஆசனங்களை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். மணிக்கட்டை முழுசாகப் பின்னால் வளைப்பது நமக்கு வேண்டாத வேலை.

அக்குபங்சரில் நிலைமை குழப்பமானது. சிலருக்கு ஆறுதல் கிடைப்பது உண்மை. ஆனால் பாவனையாகக் குத்திய ஊசியோடு ஒப்பிட்டால் அறிகுறிகளில் வித்தியாசம் சொற்பம். லேசான நிலையில், ஸ்பிளிண்டோடு சேர்த்துச் செய்வது என்றால் நான் தடுக்க மாட்டேன். ஸ்பிளிண்டுக்குப் பதிலாக என்றால் தடுப்பேன். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது முன்கை இறுக்கத்தைத் தளர்த்தும், இதமாக இருக்கும், அவ்வளவுதான். மணிக்கட்டை அழுத்திப் பிசைந்தால் ஏற்கெனவே நசுங்கிய நரம்பை மேலும் நசுக்குவதாகும். காந்தக் காப்புக்குச் செலவழிக்கும் பணத்தை ஸ்பிளிண்டில் போடலாம்.

இந்தப் பட்டியலில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பி6 வைட்டமின். மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைப்பதால் பாவம் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறார்கள். கார்ப்பல் டனலுக்கு அது வெற்று மாத்திரையைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை. அதே பி6ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் நரம்பு கெட்டு கைகால் மரக்கும். மரமரப்புக்கு மாத்திரை, மாத்திரையால் மரமரப்பு, அதற்காக இன்னும் இரண்டு மாத்திரை என்று சுற்றிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகக் கத்தி. குறுக்கு நாரை வெட்டிவிட்டால் இடுக்கு அகன்று நரம்புக்கு இடம் கிடைக்கும். 2002இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 18 மாதம் கழித்து அறுவை சிகிச்சை செய்தவர்களில் 90 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஸ்பிளிண்ட் அணியில் 75 சதவீதம். அந்த 75ஐச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், ஆனால் அவர்களில் பலர் இடையில் அறுவை சிகிச்சைக்கு மாறியவர்கள். திறந்து செய்வதா, சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப்பியா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. எண்டோஸ்கோப்பியில் கொஞ்சம் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம், நீண்டகாலப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். அறுவை செய்பவரின் அனுபவம்தான் கணக்கு. ராத்திரி மரமரப்பு பெரும்பாலும் சில நாட்களிலேயே விட்டுவிடும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஊன்றும்போது வரும் வலி சில மாதங்கள் இழுக்கும், இதை முன்கூட்டியே சொல்லாததால் பயந்துபோகிறவர்கள் அதிகம். வற்றிய சதை மட்டும் முழுசாகத் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டு கையிலும் தொந்தரவு இருந்தால், மோசமான கையை முதலில் செய்துகொண்டு, அது தேறும்வரை மற்றதற்கு ஸ்பிளிண்டைத் தொடரலாம்.