சோடா மெஷின் வாங்கி மூன்று வருஷம்: கேஸ், காசு, கொஞ்சம் கண்ணாடித் தூள்

வயிறு உப்பினால் எங்கள் வீட்டில் மாத்திரை தேட மாட்டார்கள். "ஓடிப்போய் ஒரு சோடா வாங்கிட்டு வா" என்பார்கள். நான் வளர்ந்தது விருதுநகரில். 1916ல் காளிமார்க் ஆரம்பித்த ஊர். எங்கள் தெருமுனையிலும் ஒரு சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஓட்டுக் கொட்டகை, ஒரு சிலிண்டர், கையால் சுற்றுகிற ஒரு மெஷின், அவ்வளவுதான். பாட்டிலைக் கூண்டுக்குள் வைத்து கேஸ், அதாவது கார்பன் டை ஆக்சைடு, ஏற்றித் தலைகீழாகச் சுற்றுவார்கள். கோலி உருண்டு வந்து கழுத்து ரப்பரில் உட்காரும், உள்ளே இருக்கிற அழுத்தமே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 1872ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. மூடியே இல்லாமல் மூடுகிற வேலையை எப்போது பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

இப்போது மதுரையில் இருக்கிறேன். வீட்டிலேயே சோடா போட ஆரம்பித்தது ஊரடங்கு நாட்களில். முதலில் தம்ளரில் ஆப்ப சோடாவையும் சிட்ரிக் ஆசிடையும் கொட்டிக் குடித்தேன். நுரை வந்தது, சோடா வரவில்லை. கடல் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது. இரண்டும் சேர்ந்து உண்டாகிற உப்பெல்லாம் தம்ளரிலேயே தங்கிவிடுவதுதான் காரணம். பிரஷர் இருப்பவர்கள் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது இரண்டு பாட்டில் ஏற்பாடு. ஒரு பாட்டிலில் ஆப்ப சோடாவும் ஆசிடும் பொங்கும். அங்கே பிறக்கிற கேஸ் மட்டும் டியூப் வழியாக அடுத்த பாட்டில் தண்ணீருக்குப் போகும். 1767ல் ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸில் ஒரு மது ஆலைத் தொட்டிக்கு மேலே தண்ணீரைப் பிடித்துப் பார்த்தாரே, அந்த வேலையின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 84 கிராம் ஆப்ப சோடாவிலிருந்து 44 கிராம் கேஸ் வரும். கடைச் சோடா மாதிரி ஒரு லிட்டருக்கு 6 கிராமாவது ஏற, ஒரு சொட்டுகூட வீணாகாமல் 12 கிராம் தேவை. நடப்பில் இருமடங்கு போட்டும் கேஸ் சுமாராகத்தான் நின்றது, டியூப் மூட்டெல்லாம் கசிந்தது. இரண்டு மாதம் தாங்கினேன்.

பிறகுதான் மெஷின். கரண்ட் வேண்டாம். பின்பக்கம் சிலிண்டர், முன்பக்கம் ஒரு லிட்டர் பாட்டில், மேலே பட்டன். அழுத்தினால் கொர்ரென்று ஏறும், போதுமானதும் வால்வு புஸ்ஸென்று கத்தும். முதல் வாரம் எனக்குப் பெரிய ஏமாற்றம். குடித்தால் மூக்கில் சுர்ரென்று ஏற வேண்டாமா? ஏறவே இல்லை. ஊருக்குப் போனபோது பழைய சோடா கம்பெனி அண்ணனிடம் புலம்பினேன். சிரித்துவிட்டு ஒரே வரிதான் சொன்னார்: "தண்ணி சில்லுனு இருந்தாத்தான் தம்பி கேஸ் குடிக்கும்."

மூன்று வருஷத்தில் நான் கற்றதில் முக்கால்வாசி அந்த ஒரு வரிதான். 4 டிகிரியில் தண்ணீர் பிடித்துவைக்கிற கேஸில் பாதிகூட 30 டிகிரியில் நிற்காது. குழாய்த் தண்ணீரில் அடித்தால் காசுதான் வால்வு வழியாகப் போகும். இப்போது முந்தின இரவே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் எடுத்து நாலு தடவை சின்னச் சின்னதாக அழுத்தி, நடுவில் ஐந்து விநாடி விட்டு, மறுபடி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். அதே மெஷின், அதே கேஸ், சோடா மட்டும் வேறு.

தண்ணீரை மட்டும்தான் அடிக்க வேண்டும். இதை அட்டைப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள், நான் கேட்கவில்லை. லெமன் ஜூஸை ஊற்றி அழுத்தினேன். நுரை குழாய்க்குள் ஏறி, மெஷின் முழுக்கச் சர்க்கரைப் பிசுபிசுப்பு. ஒரு வாரம் எறும்பு வரிசை. "ஏங்க, இது சோடா மெஷினா எறும்புப் பண்ணையா?" என்று வீட்டில் கேட்டது இன்னும் ஓயவில்லை.

லெமன் சோடாவுக்கு உப்பையும் எலுமிச்சையையும் கொஞ்சம் தண்ணீரில் முதலில் கரைத்துவிடுங்கள். கரையாத உப்புக்கல் விழுந்தால் குமிழி எல்லாம் அதைச் சுற்றிக் கிளம்பிப் பாதி கேஸ் நுரையாகப் போய்விடும். கரைத்த பிறகு தம்ளர் ஓரமாகச் சோடாவை வழிய விட்டால் போதும், கலக்கவே தேவையில்லை. நன்னாரிக்கு வேரை நசுக்கி, நடுக்குச்சியை எடுத்துவிட்டு, தோலை இரவு ஊறவைத்துக் கொதிக்கவிட்டுப் பாகு காய்ச்சுகிறேன். இதில் மட்டும் கடைச் சர்பத்தை ஜெயித்துவிட்டேன் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். பன்னீர் சோடா பரவாயில்லை. திராட்சைச் சாற்றை வைத்து பொவண்டோ மாதிரி கொண்டுவரப் பார்த்தது ஐந்து தடவையும் இருமல் மருந்தில் முடிந்தது.

காசு விஷயம். ஒரு சிலிண்டரில் 60 லிட்டர் வரை வரும் என்கிறார்கள். எங்களுக்குக் காரமான கேஸ் பிடிக்கும் என்பதால் 35, மிஞ்சினால் 40. மாற்றும்போது கூரியரோடு சேர்த்து 900 ரூபாய் சொச்சம் ஆகிறது. லிட்டருக்கு 25 ரூபாய் பக்கம் வருகிறது, கடைச் சோடாவும் ஏறக்குறைய அதேதான். மெஷின் விலையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மிச்சம் பிடிக்கலாம் என்று வாங்குகிறவர்கள் வாங்காதீர்கள். ஒருமுறை மாற்று சிலிண்டர் வர 19 நாள் ஆனது, போன் செய்தால் "கிளம்பிருச்சு சார்" என்பதே பதில். அன்றிலிருந்து கையில் எப்போதும் இரண்டு சிலிண்டர். தீயணைப்பானில் கேஸ் அடைக்கிற கடையில் மலிவாக நிரப்பித் தருவதாகச் சொன்னார்கள். குடிக்கிற பொருளில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று வந்துவிட்டேன். இன்னொன்று: மெஷினோடு வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பார்கள், பார்த்து மாற்றுங்கள். சுடுதண்ணீரில் கழுவக் கூடாது.

கேஸ் இல்லாத அந்த 19 நாளில்தான் இஞ்சி நொதிக்குள் இறங்கினேன். ஒரு ஜாடித் தண்ணீரில் தோலோடு துருவிய இஞ்சி ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், தினமும் போட்டுக் கிளற வேண்டும். தோலில் இருக்கிற ஈஸ்ட்தான் வேலைக்காரன், சர்க்கரையைத் தின்று கேஸ் விடும். ஒரு வாரம் ஆகும் என்பார்கள், மதுரை வெயிலில் மூன்றாம் நாளே பொருபொருவென்று பேச ஆரம்பித்தது. கால் கப் எடுத்து ஒரு லிட்டர் இனிப்புத் தண்ணீரில் கலந்து மூடி வைத்தால் சோடா தானே உருவாகும். லேசாக ஆல்கஹாலும் உருவாகும், குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை.

மே மாதம். மாம்பழச் சாற்றில் நொதியைக் கலந்து, பார்க்க அழகாக இருக்கிறதே என்று சதுரமான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, பரணில் வைத்து மறந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு டமாரென்று ஒரு சத்தம். திருடன் என்று மாமியார் கையில் தோசைக்கரண்டியோடு வந்து நின்றார். அடுப்பு, சுவர், ஃபேன் எல்லாம் மஞ்சள். கண்ணாடித் தூள் அரிசி டப்பா மூடி வரை போயிருந்தது. தட்டைப் பக்கம் உள்ள பாட்டில் அழுத்தம் தாங்காது என்று பிறகுதான் படித்தேன். யாரும் அங்கே நிற்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது காலிக் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில்தான். விரலால் அமுக்கினால் கல் மாதிரி இருந்தால் உடனே ஃப்ரிட்ஜ். வெயில் காலத்தில் அதற்கு ஒரு நாள்கூட ஆகாது. மூடியையும் ஒரேயடியாகத் திறக்காமல், கொஞ்சம் திருகி, சத்தம் அடங்கவிட்டு, மறுபடி திருகுகிறேன்.

மெஷின் தினமும் ஓடுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, வெறும் சோடாவில் ஒரு துண்டு இஞ்சி போட்டு இரவில் குடிக்கிறார். நொதி ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த ஜாடி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கிறது, வாரம் ஒரு ஸ்பூன் சர்க்கரை கேட்கும். அதில் கைவைக்க மாமியார் இன்றுவரை சம்மதிக்கவில்லை. ஊருக்குப் போகும்போது ஜாடியையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறேன், மூடியைத் தளர்த்தி வைத்து.