வீவக வாசலில் சேப்பங்கிழங்கு: சில வருடம் வளர்த்துப் பார்த்ததில்

கிழங்கு மட்டும்தான் வேண்டும் என்றால் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போய் ஒரு கிலோ வாங்கி வந்துவிடுங்கள், சில வெள்ளியோடு (டாலரோடு) வேலை முடிந்தது. மண், உரம், தினமும் ஊற்றும் தண்ணீர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் தொட்டியில் விளையும் கிழங்கு கட்டுப்படியே ஆகாது. ஆனால் இலைக்காக வளர்த்து, கிழங்கை உபரியாக எடுத்துக்கொள்வது என்றால் கதை வேறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் ஐந்தாம் மாடி நடைவழியில், காலை வெயில் மட்டும் விழுகிற இடத்தில், சில வருடங்களாக அப்படித்தான் வளர்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

நிறையப் பேர் ஒரே தொட்டியில் அழகும் வேண்டும், சாப்பாடும் வேண்டும் என்று ஆரம்பிக்கிறார்கள். அது சரிப்பட்டு வராது. கிழங்கு பெருக்க வேண்டுமானால் இலையைத் தொடக்கூடாது, செடிக்குச் சோறு ஆக்குவதே இலைதான். அதோடு கிழங்கு முற்றும் நேரத்தில் புது இலைகள் சின்னதாக வரும், பழையவை மஞ்சளாகித் தொங்கும், வாசலில் வைக்கிற நிலையிலேயே இருக்காது. உரமும் முரண்படும்: தழைச்சத்து (நைட்ரஜன்) நிறையப் போட்டால் இலை தளதளவென்று இருக்கும், கிழங்கு விரல் அளவில் நின்றுவிடும். கிழங்குக்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) வேண்டும். அதனால் என்னிடம் பார்வைக்குத் தனித்தொட்டி, சமையல் சட்டிக்குத் தனித்தொட்டி.

பார்வைக்கு வைத்திருப்பவை பிளாக் மேஜிக், மொஜிட்டோ என்ற இரண்டு வகைகள், தாம்சன் ரோடு பக்கத்து நர்சரியில் வாங்கியவை. பிளாக் மேஜிக் நல்ல வெயிலில்தான் அந்த ஊதாக் கறுப்பைக் காட்டும், நிழலுக்குத் தள்ளினால் பாசி பிடித்த பச்சையாகிவிடும், அப்புறம் அதற்குக் காசு கொடுத்ததில் அர்த்தமே இல்லை. மொஜிட்டோவின் புள்ளி எல்லா இலையிலும் ஒரே மாதிரி வராது. சில கன்று வெறும் பச்சையாகவே கிளம்பும், அதை அப்போதே பிரித்து எடுத்துவிட வேண்டும், விட்டால் அதுதான் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுமே சேப்பங்கிழங்கு இனம்தான் என்றாலும் இலை அழகுக்காகத் தேர்ந்த வகைகள், கிழங்கை நம்பி அடுப்பு பற்றவைக்காதீர்கள்.

சட்டிக்கு என்றால் தேக்காவில் கிடைக்கும் சின்னச் சேப்பங்கிழங்குதான். முளை தெரிகிற, அழுத்தினால் கெட்டியாக இருக்கிற கிழங்காகப் பார்த்து எடுத்து முளை மேல்நோக்கி இருக்கும்படி அரைச் சாண் ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் புதைத்தால் போதும். தாய்லாந்திலிருந்து வரும் பெரிய சேப்பங்கிழங்கை, இங்கே எல்லாரும் யாம் என்கிறார்களே, அதையும் வளர்த்துப் பார்த்தேன். தலைப்பகுதியைத் தண்டோடு வெட்டி நட்டால் பிடித்துக்கொள்கிறது, ஆனால் அது வயல்செடி, தொட்டியில் கைமுட்டி அளவைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி யாம் கேக் செய்ய வாங்கி வருவதைப் பார்த்தபோது என்னுடையதைக் காட்டவே கூச்சமாக இருந்தது. சின்ன வகையோ தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டி போட்டுக்கொண்டே போகிறது, நாற்பது சென்டிமீட்டர் அகலத் தொட்டி ஒன்றைக் கவிழ்த்தால் ஒரு வேளை ரோஸ்டுக்குத் தாராளமாக வரும்.

நம் ஊரில் குளிர்காலம் கிடையாது, செடி பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும், எப்போது தோண்டுவது என்பதில்தான் குழப்பம். நட்டு ஆறு ஏழு மாதம் கழித்து உயரம் குறைய ஆரம்பித்து, வெளி இலைகள் வரிசையாகப் பழுத்தால் எடுத்துவிடலாம். ரொம்ப நாள் விட்டால் குட்டிக் கிழங்குகளே முளைத்து இலை விட ஆரம்பிக்கும், சமைத்தால் தண்ணியாக இருக்கும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய விஷயம். இந்தச் செடி ஈரம் கேட்கும், வீவக வாசலோ தேங்கிய தண்ணீரைத் தாங்காது. வெளிநாட்டுக் காணொளிகளில் வாளியில் தண்ணீர் நிறுத்தி வளர்ப்பதைக் காட்டுகிறார்கள், இங்கே அதைச் செய்தால் ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி, அபராதக் கடிதமும் கூடவே வரும். அடித்தட்டு வைக்கவே வேண்டாம், வைத்தால் தினமும் கவிழ்த்துவிடுங்கள். பலர் கவனிக்காதது தண்டின் அடி. இலைக்காம்பு தண்டைக் கட்டிப் பிடிக்கிற இடத்தில் சாரல் மழைக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர் நிற்கும், தேசியச் சுற்றுப்புற வாரியம் இலைக்கக்கங்களையும் (இந்தக் காம்பு இடுக்குகளை) பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். நான் அந்த இடங்களில் பிடிஐ (கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) குருணை கொஞ்சம் போட்டுவைக்கிறேன். மேல்மண் இறுகினாலும் அதன்மேல் தண்ணீர் தேங்கும், அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

இன்னொரு தொல்லையை நர்சரியில் யாரும் சொல்லவில்லை. மாலையில் தண்ணீர் ஊற்றினால் விடியற்காலை இலை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும். செடி வேர்வழி எடுத்த மிச்சத்தை வெளியேற்றுகிறது, நோயெல்லாம் இல்லை. ஆனால் நடைவழியின் வழவழத் தரையில் அது ஒரு வயதானவரை வழுக்கிவிடப் போதும். காலையில் ஊற்ற ஆரம்பித்ததும் சொட்டு வெகுவாகக் குறைந்தது. இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: நடைவழியில் 1.2 மீட்டர் வழி விட்டே ஆக வேண்டும், தீயணைப்பு விதி அது. வளர்ந்த செடி ஒன்று இரண்டு பக்கமும் கை விரித்து நிற்கும், தொட்டியின் அளவை வைத்து இடம் கணக்குப் போடாதீர்கள்.

பூச்சியில் மோசம் சிலந்திப்பேன், பிப்ரவரி மாத வறண்ட வெயிலில் இலை வெளிறி மணல் தூவிய மாதிரி ஆகிவிடும். வேப்பெண்ணெயைச் சும்மா தண்ணீரில் கலந்து அடித்தால் அத்தனையும் முத்து முத்தாக உருண்டு கீழே விழும், இந்த இலையில் எதுவும் ஒட்டாது. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு சேர்த்து, இலையின் அடிப்பக்கத்தில் அடிக்க வேண்டும். வால்பக்கம் கொம்பு வைத்த தடித்த புழு ஒன்று வரும், ராத்திரிக்குள் ஒரு இலையைக் காலி செய்துவிடும். அதைக் கையால் எடுத்துப் போடுவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

இனி அரிப்பு. இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கிறது, பச்சையாக வாயில் வைத்தால் தொண்டை வரை நமைக்கும். வீட்டில் தவழும் குழந்தையோ எதையும் மெல்லுகிற நாயோ இருந்தால் உயரத்தில் வையுங்கள், முடியாது என்றால் இந்தச் செடியே வேண்டாம். வெட்டும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வேன், பழைய சட்டைதான் போடுவேன், பால் பட்ட கறை போகாது. கிழங்கைத் தோலோடு வேகவைத்து உரிப்பது நல்லது. குக்கரில் விசிலை எண்ணிக்கொண்டிருந்தால் குழைந்து வழவழத்துவிடும், திறந்த பாத்திரத்தில் குத்திப் பார்த்து இறக்கினால் ரோஸ்ட் மொறுமொறுவென்று வரும்.

உண்மையில் எனக்கு அதிகம் பலன் தருவது இலையும் தண்டும்தான், கடையில் இவை சுலபமாகக் கிடைப்பதில்லை. சட்டிக்கான தொட்டிகளில் ஒன்றை இலைக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். பாதி விரிந்த இலையைப் பறித்து, பின்பக்க நரம்பைச் சீவி, புளியும் மிளகாய்த்தூளும் சேர்த்த கடலைமாவைத் தடவிச் சுருட்டி, நன்றாக ஆவியில் வேகவிட்டு வட்டமாக அரிந்து பொரித்தால் வீட்டில் மிச்சமே இருக்காது. தண்டை நான் குப்பையில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த மாமியார், “எதுக்கும்மா அதைக் கழிக்கிற, புளி கரைச்சு வச்சா ஒரு நேரத்துக்கு ஆகுமே” என்றார். நார் உரித்து நறுக்கி உப்புப் போட்டுப் பிழிந்து புளிக்கறி வைத்தார், இப்போது அது வீட்டுச் சமையலாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. கால்வாய் ஓரத்திலும் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) கீழேயும் இதே சாயலில் நிற்பவற்றைப் பறித்துச் சமைக்காதீர்கள். சேம்பில் (சேப்பங்கிழங்குச் செடியில்) பொதுவாகக் காம்பு இலைக்கு உள்ளே தள்ளிச் சேரும், இலை கீழ்நோக்கித் தொங்கும். அதே சாயலில் இருக்கும் அலோகேசியாவில் காம்பு பெரும்பாலும் பிளவின் ஓரத்தில் சேரும், இலை மேல்நோக்கி நிற்கும். இளஞ்செடியில் இந்த அடையாளமும் ஏமாற்றும், இன்னொரு அலங்காரச் செடியான கலாடியத்திலும் காம்பு உள்ளேதான் சேர்கிறது. நீங்களே நட்ட கிழங்கிலிருந்து வந்ததை மட்டும் சாப்பிடுங்கள்.

பெரிய யாமை இனி வாசலில் வைப்பதாக இல்லை. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டப் பாத்திகளில் ஒன்று குலுக்கலில் கிடைத்தால் அங்கே நடலாம் என்று இருக்கிறேன். 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தி, ஆண்டுக்கு 57 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. பக்கத்துப் பாத்திக்காரர் கீரை போட்டிருந்தால் நிழல் விழுகிறது என்று சண்டைக்கு வருவாரோ என்னவோ, ஓரமாகப் பார்த்து நட வேண்டும்.