ஷோண்டா ரைம்ஸின் மாஸ்டர்கிளாஸ்: 30 பாடத்தில் எதெல்லாம் தேறும்?

சீரியல் எழுத வருகிறவர்களும் வெப் சீரிஸுக்குக் கதை சொல்லப் போகிறவர்களும் கேட்கும் கேள்விதான் இது: மாஸ்டர்கிளாஸ் என்ற இணைய வகுப்புத் தளத்தில், 'கிரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடரை உருவாக்கிய ஷோண்டா ரைம்ஸ் எடுக்கும் தொலைக்காட்சி எழுத்து வகுப்புக்குக் காசு கட்டலாமா? கட்டலாம். ஆனால் முதல் பாடத்தில் தொடங்கி முப்பதாவது வரை சோபாவில் சாய்ந்தபடி வரிசையாகப் பார்த்து முடிக்கிறவருக்குப் பாதிப் பணம் வீண்.

வகுப்பு 2017இல் வந்தது. 30 வீடியோக்கள், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கூடவே ஒரு பயிற்சிப் புத்தகம், 'கிரேஸ் அனாடமி', 'ஸ்கேண்டல்' தொடர்களின் பைலட் (முதல் எபிசோட்) ஸ்கிரிப்ட், சேனலுக்குக் கதை சொல்லப் போனபோது வைத்திருந்த குறிப்புகள், தொடரின் ஆட்களையும் கதைப்போக்கையும் தொகுத்துவைக்கும் சீரிஸ் பைபிள் ஆகியவை தரவிறக்கக் கிடைக்கின்றன. விலையை மாதக் கணக்கில் காட்டுவார்கள்; கார்டிலிருந்து ஒரு வருடத் தொகை ஒரே அடியாகப் போகும். ஆண்டு முடிவில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், கட்டிய அன்றே அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுவது நல்லது. தமிழ் சப்டைட்டில் கிடையாது. ரைம்ஸ் நிதானமாகத்தான் பேசுகிறார், ஆங்கில சப்டைட்டிலோடு பின்தொடர முடியும்.

உண்மையான சரக்கு இரண்டு பைலட் அலசல்களில் இருக்கிறது. கட்டமைப்புப் பாடத்தில் ஒரு மணி நேர எபிசோடை ஐந்து அங்கமாக அவர் பிரிக்கிறார். முதல் அங்கத்தில் ஆட்களும் சிக்கலும் வரவேண்டும், இரண்டாவதில் சிக்கல் முற்றவேண்டும், மூன்றாவதில் நடக்கக் கூடாதது நடக்கவேண்டும், நான்காவதில் கெடு ஓடத் தொடங்கவேண்டும், ஐந்தாவதில் ஒரு வெற்றி. ஐந்து என்ற எண் கலை விதி ஒன்றும் இல்லை. விளம்பர இடைவேளைகள்தான் அதைத் தீர்மானித்தன. அமெரிக்க நெட்வொர்க்கில் ஒரு மணி நேரம் என்பது விளம்பரம் போக 42, 43 நிமிடம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஆட்கள் படபடவென்று பேசும் தொடரில் பக்கம் கூடும். அங்கத்துக்குச் சுமார் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீடியோவைப் பார்க்கும் முன் 'கிரேஸ் அனாடமி' பைலட்டை ஒருமுறை படித்துவிட வேண்டும். தொடக்கக் காட்சியில் கதாநாயகியான இன்டர்ன் டாக்டர் மெரிடித், முந்தைய இரவு பாரில் சந்தித்த ஆளை வீட்டைவிட்டுக் கிளப்பிக்கொண்டிருக்கிறாள். அவன் பெயர்கூடத் தெரியாது. வீடு யாருடையது என்ற பேச்சு வர, அம்மாவுடையது என்கிறாள். அம்மா இறந்துவிட்டார் என்று நினைத்து அவன் வருத்தம் தெரிவிக்கிறான். இல்லை, இறக்கவில்லை என்று ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் நிறுத்திப் பேச்சை மாற்றிவிடுகிறாள். காதல் நகைச்சுவைக் காட்சியின் நடுவே வரும் அந்த அறுந்த வாக்கியத்துக்குக் கடைசிக் காட்சியில்தான் பதில் வருகிறது: பெயர்பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணரான அம்மா அல்ஸைமர் நோயோடு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார், எதிரே உட்கார்ந்திருக்கும் மகளை டாக்டர் என்று நினைக்கிறார்.

கேட்டி பிரைஸ் என்ற 15 வயது நோயாளி விஷயமும் இதே வேலைதான். அவள் மெரிடித்திடம் ஓயாமல் சலித்துக்கொள்கிறாள். அந்தப் புலம்பலோடு புலம்பலாக, அழகுப் போட்டி ஒத்திகையில் கணுக்கால் பிசகியதையும் சொல்லிவிடுகிறாள். படிக்கிறவர் அதை இந்தப் பெண்ணின் அலட்டல் என்று கடந்துவிடுவார். அவளுக்கு வரும் வலிப்புக்குக் காரணம் தெரியாமல் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஷெப்பர்ட் இன்டர்ன்களிடமே உதவி கேட்டு, கண்டுபிடிப்பவருக்கு ஆபரேஷனில் கூட நிற்கும் வாய்ப்பு என்று ஆசை காட்டும்போது, முடிச்சை அவிழ்ப்பது அந்தக் கணுக்கால்தான். மருத்துவத் துப்பை நகைச்சுவைக்குள் ஒளித்துவைத்த இந்தக் கைவேலைக்கே கட்டணத்தில் பாதியைத் தரலாம்.

படிக்கும் முறை இப்படி இருந்தால் பலன் கிடைக்கும். ஸ்கிரிப்டை அச்செடுத்து, ஒவ்வொரு அங்கமும் முடியும் இடத்தில் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருக்கும் கடைசி வரியைத் தனித்தாளில் எழுதுங்கள். விளம்பரம் முடிந்து பார்வையாளர் திரும்பி வருவது அந்த வரிக்காகத்தான். பிறகு பின்னாலிருந்து முன்னால் படித்து, விதைத்த வரிகளை ஒரு நிறத்திலும் அறுவடையை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். அதற்கப்புறம் அலசல் வீடியோவைப் போட்டால் ரைம்ஸ் சொல்வது காதில் ஏறும். 'ஸ்கேண்டல்' ஸ்கிரிப்டில் இதே பயிற்சிக்குத் தோதான இடம் 'ஸ்வீட் பேபி' என்ற இரண்டு சொல். அமெரிக்க அதிபர் தன்னை அப்படித்தான் அழைப்பார் என்று இன்னொரு பெண் சொல்லும் கணத்தில், அவள் பொய் சொல்லவில்லை என்பது கதாநாயகி ஒலிவியா போப்புக்கு மட்டும் விளங்குகிறது. ஒலிவியாவையும் அவர் அப்படித்தான் அழைத்திருந்தார் என்ற காரணம் நமக்கு அப்புறம் தெரிகிறது.

இந்த அமைப்பைப் பார்த்து எழுதும் புதியவர்கள் வழுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில். முதல் அங்கம் முழுக்க முன்கதை சொல்லித் தீர்த்துவிட்டு, சிக்கலை 15ஆம் பக்கத்தில் கொண்டுவருவார்கள். பிறகு மூன்றாம் அங்கத்துக்குரிய மோசமான நிகழ்வு நாலாவதற்குத் தள்ளிப்போகும், கெடு ஓட இடமே இருக்காது, முடிவு அவசர அவசரமாக வசனத்தில் தீரும். மேலே சொன்ன தொடக்கக் காட்சியில் மெரிடித்தைப் பற்றி எவ்வளவு சொல்லாமல் விட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே மருந்து கிடைத்துவிடும்.

தொழில் பற்றிய பாடங்களுக்கு வந்தால், தமிழ் வாசகருக்கு ஒரு குழப்பம் தீர்ந்தாக வேண்டும். நம்மூரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். அமெரிக்கத் தொடரின் டைட்டிலில் பத்துப் பேர் ப்ரொடியூசர் என்று ஓடுகிறார்களே, அதில் பலர் எழுத்தாளர்கள். ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், கோ-ப்ரொடியூசர், ப்ரொடியூசர், சூப்பர்வைசிங் ப்ரொடியூசர், கோ-எக்ஸிகியூட்டிவ் ப்ரொடியூசர், எக்ஸிகியூட்டிவ் ப்ரொடியூசர் என்று படி ஏற ஏற, எழுத்தாளர்கள் கூடிக் கதை பேசும் கதை அறையோடு நடிகர் தேர்வு, படப்பிடிப்பு, எடிட்டிங் என்று பொறுப்பும் கூடுகிறது. உச்சியில், தொடரை மொத்தமாக நடத்துகிறவர் ஷோரன்னர். ஷோரன்னர் பாடங்கள் இந்தப் பதவியின் மனநிலையை நன்றாகக் காட்டுகின்றன. பட்ஜெட், ஷெட்யூல், ஒப்பந்தம், மறு ஒளிபரப்புத் தொகை என்று தனிப்பாடம் ஏதும் இல்லை. தயாரிப்பாளராக ஆசைப்படுகிறவருக்கு இது பெரிய ஓட்டை.

துறைக்குள் நுழைவது பற்றிய பாடத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரைம்ஸ் இந்தப் படிகளில் ஏறி வந்தவர் இல்லை. சினிமாவுக்கு எழுதியவர், அமெரிக்க சேனலான ஏபிசிக்கு முதலில் எழுதிக்கொடுத்த, பெண் போர்ச் செய்தியாளர்கள் பற்றிய பைலட் ஏற்கப்படவில்லை. அடுத்து எழுதிய மருத்துவமனைக் கதை 2005 மார்ச்சில் சீசனின் நடுவே ஒன்பது எபிசோடாக ஒளிபரப்பாகி, அவரை நேராக உச்சியில் உட்கார வைத்தது. அப்போது அனுபவசாலியான ஜேம்ஸ் பாரியட் பக்கத்தில் இருந்தார். இந்தப் பாதை எல்லோருக்கும் வாய்க்காது. அவருடைய வாழ்க்கையில் பின்பற்றத் தக்கது அதற்குப் பின் நடந்தது: தன் அறையில் எழுதியவர்களை வளர்த்துவிட்டார். 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' பீட்டர் நோவாக் உருவாக்கியது, 'பிரிட்ஜர்டன்' கிறிஸ் வான் டூசன் உருவாக்கியது. இருவரும் ரைம்ஸின் தொடர்களில் எழுதிப் பழகியவர்கள். 2014இல் ஏபிசியின் வியாழன் இரவு மூன்று மணி நேரமும் அவர் நிறுவனமான ஷோண்டாலேண்டின் கையில் இருந்தது இப்படித்தான்.

வகுப்புக்கு வயதாகிவிட்டது என்பதும் உண்மை. அது வெளியான அதே 2017இல்தான் ரைம்ஸ் நெட்ஃப்ளிக்ஸுக்குப் போனார். விளம்பரமே இல்லாத எட்டு எபிசோட் சீசனுக்கு ஐந்து அங்கக் கணக்கு அப்படியே பொருந்தாது. 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் நடந்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, கதை அறையில் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான வரம்பும் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டன. வகுப்பில் இதெல்லாம் இருக்க வழியில்லை. வேலை, சம்பளம் பற்றிய செய்திக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் இணையதளம் இலவசமாகவே இருக்கிறது.

தினசரி சீரியல் எழுதுகிறவருக்கு? இங்கே கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், வாரத்துக்கு ஆறு நாள். அந்த இருபது நிமிடத்துக்குள் ஐந்து அங்கத்தைத் திணித்தால் காட்சிகள் மூச்சுமுட்டும். ஒரு வாரக் கதை ட்ராக்குக்கு அதே கணக்கைப் போட்டால் அழகாக உட்காரும்: திங்கள் சிக்கல், செவ்வாயும் புதனும் முற்றல், வியாழன் நடக்கக் கூடாதது, வெள்ளி கெடு, சனி தீர்வும் அடுத்த வாரத்துக்கான கொக்கியும். ஒன்லைன் (கதைச் சுருக்கம்) பேச உட்காரும்போது இந்த ஆறு வரியைக் கையில் வைத்திருந்தால், புதன்கிழமையே கதை தீர்ந்துபோய் ஃபிளாஷ்பேக் போட்டு ஃபுட்டேஜ் நிரப்பும் அவலம் வராது.

வெப் சீரிஸ் பைலட் எழுதிக்கொண்டிருப்பவர், ஆங்கில ஸ்கிரிப்ட் படிக்கத் தயங்காதவர், ஒரு மாதம் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் வாங்கலாம். சந்தாவில் மற்ற வகுப்புகளும் சேர்ந்தே வருகின்றன. ஆரன் சோர்கினின் திரைக்கதை வகுப்பை இதற்கு அடுத்து பார்த்தால் வசனம் பற்றி இருவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்பது தெரியும். வீடியோ மட்டும் பார்க்கப் போகிறவர் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, பிடித்த தொடரின் முதல் எபிசோடை நான்கு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, காட்சி காட்சியாகத் தாளில் எழுதலாம்.