"முதல் ட்ரெயில் பேக்கேஜ்"னு விக்கிறாங்களே, காசு கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

மலை, காட்டு வழியா பல நாள் நடக்குற லாங் ட்ரெயிலுக்கு மொத தடவ பிளான் பண்றவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ரூட் பிளான், பெர்மிட், வாடகைக்கு டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஸ்டவ், வாட்டர் ஃபில்டர்னு எல்லாத்தையும் சேத்து ஒரே பேக்கேஜா ஆன்லைன்ல விக்கிறாங்க, "நீங்க நடந்தா போதும், மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்"னு. நானும் என் தங்கச்சியும் அப்படி ஒருத்தங்க கிட்ட முழு காசையும் முன்னாடியே கட்டினோம். பேர் இங்க போடல. ஆனா என்னென்ன பண்ணாங்கன்னு எழுதுறேன், நீங்க யார் கிட்ட வாங்கினாலும் இதையெல்லாம் கேட்டுட்டு வாங்குங்க.

ஒரு வாரம் முன்னாடியே சாமான் வந்துடும்னு சொன்னாங்க, வந்தது கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி. இது தற்செயல்னு நான் நம்பல, ஏன்னா அந்த நேரத்துல பிரிச்சுப் பாத்து திருப்பி அனுப்ப யாருக்கும் வழி கிடையாது.

முதல்ல ஸ்லீப்பிங் பேக், ஏன்னா எங்க உயிருக்கே ஆபத்தா முடிஞ்சிருக்க வேண்டியது அதுதான். லிஸ்டிங்ல பெருசா "மைனஸ் 10 டிகிரி"ன்னு போட்டிருந்தாங்க. நாங்க போன இடத்துல ராத்திரி ஜீரோ பக்கம் இறங்கும், அதுக்கு இது தாராளம்னு அவங்களேதான் சொன்னாங்க. மொத ராத்திரியே நடுங்கித் தூக்கமே வரல, தங்கச்சிக்குக் கை விரல் மரத்துப் போச்சு, இருந்த துணி எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு ஒருத்திய ஒருத்தி ஒட்டி உக்காந்துதான் விடிய வச்சோம். காலைல பேக்க உள்பக்கம் திருப்பிப் பாத்தா சின்னதா ஒரு லேபிள், அதுல கம்ஃபர்ட் 7, லிமிட் 3, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10ன்னு இருக்கு.

இந்த மூணு நம்பரும் ஐஎஸ்ஓ 23537ங்கிற ஸ்டாண்டர்ட்படி சூடாக்கின பொம்மைய உள்ள படுக்க வச்சு டெஸ்ட் பண்ணி எடுக்குறது. கம்ஃபர்ட்னா ஒரு சராசரிப் பொண்ணு நிம்மதியாப் படுத்துத் தூங்கக்கூடிய குளிர். லிமிட்னா ஒரு சராசரி ஆம்பள உடம்பச் சுருட்டிக்கிட்டு எப்படியோ தூங்கிடுற அளவு. எக்ஸ்ட்ரீம்ங்கிறது தூங்குறதுக்கான நம்பரே இல்ல, அந்தக் குளிர்ல 6 மணி நேரம் உயிரோட இருக்கலாம், ஹைப்போதெர்மியா, அதாவது உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்குறது, வரவும் வாய்ப்பிருக்குங்கிற கணக்கு. அந்த நம்பரத்தான் இவங்க விளம்பரத்துல போட்டு ரெண்டு பொண்ணுங்களுக்கு அனுப்பியிருக்காங்க. அப்புறம் ஃபோன்ல கேட்டப்ப "மேடம், மைனஸ் 10ன்னு லேபிள்லயே இருக்கே, நாங்க பொய் சொல்லலியே"ங்கிறாங்க. எனக்கு இன்னும் ஆறல.

கூட வந்த, கீழ விரிச்சுப் படுக்குற மேட்டும் மெல்லிசு ஃபோம். தரையோட குளிர மேட்தான் தடுக்கணும், நம்ம எடைல பேக்கோட அடிப்பக்கம் நசுங்கிடுறதால அங்க சூடு நிக்காது. குளிர எவ்ளோ தடுக்கும்னு காட்ட மேட்டுக்கு ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் உண்டு, ஜீரோ பக்கம் படுக்கணும்னா 4 கிட்டயாவது இருக்கணும், சாதா ஃபோம் ஷீட் 2 தொட்டாலே அதிகம். எங்களுது என்னன்னு கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

அடுத்தது ரூட் பிளான். "பிகினர்ஸ்க்குன்னே செஞ்சது"ன்னு தனியா சார்ஜ் பண்ணாங்க. ஒரு நாளைக்கு 28 கிலோமீட்டர், ஏத்தம் 1400 மீட்டர், நேரம் 6 மணி நேரம்னு போட்டிருக்கு. நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892லயே ஒரு கணக்கு சொல்லி வச்சிருக்கார், 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோட ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதப் போட்டாலே கிட்டத்தட்ட 8 மணி நேரம் வருது, அதுவும் நல்லா நடந்து பழகினவங்க எங்கயும் நிக்காம நடந்தா. முதுகுல பாரத்தோட, சாப்பிட உக்காந்து, தண்ணி பிடிச்சு, வழி பாத்துப் போற புது ஆளுக்கு இருட்டினாலும் கேம்ப் வராது, எங்களுக்கும் வரல. தலைல மாட்டுற ஹெட்லேம்ப் வெளிச்சத்துல வழுக்குப் பாறைல இறங்கினோம். நடுவுல எங்க ட்ரெயில விட்டு வெளிய போகலாம், எங்க ரோடு கிட்ட வருதுன்னு அந்தப் பிளான்ல ஒரு வரி கூட இல்ல. மொத தடவ போறவங்களுக்கு மத்த எதையும் விட அதுதானே முக்கியமா வேணும்? தண்ணி இருக்குன்னு குறிச்ச ஒரு ஓடை காஞ்சு கிடந்துச்சு. மேப்ல அது சீசனல் ஓடைன்னு விட்டு விட்டுப் போற கோடாத்தான் இருக்கு, இவங்க அதக் கூடப் பாக்காம தண்ணின்னு எழுதிட்டாங்க.

ஸ்டவ்வுக்கு வந்த கேஸ் முழுக்க சாதா பியூட்டேன். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழ போனா ஆவியே ஆகாது, குளிருக்கு ஐசோபியூட்டேன், ப்ரொப்பேன் கலந்த கேனிஸ்டர்தான் வேணும். காலைல பத்த வச்சா அணைஞ்சு அணைஞ்சு போச்சு, ஒரு சூடான தண்ணிக்குக் கூட வழியில்ல. ஃபில்டர் பத்தியும் ஒண்ணு சொல்லிடுறேன், வாடகை ஃபில்டர் வாங்கவே வாங்காதீங்க. உள்ள இருக்குறது மெல்லிய குழல் குழலா இருக்குற மெம்பிரேன், ஒரு தடவ நனைஞ்சு உறைஞ்சா விரிசல் விட்டுடும், வெளிய பாத்தா எதுவும் தெரியாது. முன்னாடி எடுத்துட்டுப் போனவங்க அத எங்க வச்சிருந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்.

பெர்மிட்லதான் எல்லாமே முடிஞ்சுது. "பெர்மிட் ரெடி"ன்னு ஒரு பேப்பர் குடுத்திருந்தாங்க, நம்பர், தேதி, எங்க பேர் எல்லாம் இருந்துச்சு. செக்பாயிண்ட்ல ரேஞ்சர் அத வாங்கிப் பாத்துட்டு, இது அப்ளிகேஷன் போட்டதுக்கான ரசீது, பெர்மிட்டே வரலன்னு சொல்லிட்டார். நல்ல மனுஷன், ஃபைன் போடாம பக்கத்து ரோட்டு வழியா எங்கள வெளிய அனுப்பினார், கேட்டதும் ஒரு நோட்டும் எழுதிக் குடுத்தார். மாசக் கணக்கா லீவு சேத்து வச்சு, தங்கச்சி படிக்கட்டு ஏறி எறங்கிப் பழகி, அவ்ளோ ஆசையாப் போன ட்ரிப் அந்த ரோட்டோரத்துல முடிஞ்சு போச்சு. அவ அழுதது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

திரும்பி வந்து ரீஃபண்ட் கேட்டா "யூஸ் பண்ண கியருக்கு ரீஃபண்ட் கிடையாது, டெர்ம்ஸ்ல இருக்கு"ங்கிறாங்க, கியர்னா அந்த வாடகைச் சாமான்தான். அதோட விடாம டென்ட் ஜிப் கிழிஞ்சிருக்குன்னு டெபாசிட்டையும் பிடிச்சுக்கிட்டாங்க. பார்சல் பிரிச்சப்பவே தங்கச்சி எல்லாத்தையும் வீடியோ எடுத்து வச்சிருந்தா, அந்த ஜிப் வர்றப்பவே அப்படித்தான் இருந்துச்சு. கிரெடிட் கார்டுல கட்டினதால காசத் திருப்பிக் கேட்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டோம். லிஸ்டிங் ஸ்கிரீன்ஷாட், லேபிள் போட்டோ, ரேஞ்சர் எழுதின நோட்டு, சாட் எல்லாம் குடுத்ததுல பெர்மிட்டுக்குக் கட்டின காசு திரும்பி வந்துடுச்சு, கியர் காசும் டெபாசிட்டும் இன்னும் இழுத்துட்டுக் கிடக்கு. ஃபோன்ல அவங்க சொன்ன எதையும் பேங்க் கணக்குல எடுத்துக்கல, அதனால எது பேசினாலும் மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க.

அவங்க ஆன்லைன் பக்கத்துல நான் போட்ட ரிவ்யூவத் தூக்கிட்டாங்க, ஸ்லீப்பிங் பேக் இன்னும் மைனஸ் 10ன்னேதான் விக்குது. இந்த மாதிரி எங்கயாவது புக் பண்ணிட்டு கிளம்ப இன்னும் நாள் இருக்குன்னா, பேக் உள்லேபிளோட போட்டோவும் உங்க பேர் போட்ட பெர்மிட்டும் இன்னிக்கே கேளுங்க. அந்தப் பெர்மிட் நம்பர, பெர்மிட் குடுக்குற ஆபீஸ்க்கு நீங்களே நேரா கூப்பிட்டுச் சரி பாருங்க. அவங்க சாக்கு சொன்னா அப்பவே கேன்சல் பண்ணிட்டு கார்டு டிஸ்ப்யூட்டப் போட்டுடுங்க, அதுக்கும் கெடு தேதி உண்டு.