சர்வர் டெம்ப்ளேட்: நாமே செய்வதா, கிளவுட் இமேஜ் எடுப்பதா?

நயினார்குளம் மண்டிக்குப் பில்லிங் சர்வர், பாளையங்கோட்டைப் பள்ளிக்கு ஃபைல் சர்வர், அம்பாசமுத்திரம் அரிசி ஆலைக்கு எடைமேடைக் கணக்கு. வேலை மூன்று விதம். மூன்றுக்கும் அடியில் அதே உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்) போதும். ஒரே கணினியில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸில், குளோன் (நகல்) எடுப்பதற்கான அச்சாக, அதாவது டெம்ப்ளேட்டாக, அதை எப்படித் தயார் செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டுக் கோப்பு) போட்டு ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுவுவது ஒரே சர்வருக்குச் சரி. மூன்றாவது சர்வரில் ஏதோ ஒரு செட்டிங் விடுபட்டிருக்கும். ஹோஸ்ட் கணினியின் கர்னலையே பகிர்ந்து ஓடும் எல்எக்ஸ்சி கன்டெய்னர் மிக லேசானது. ஆனால் தனி கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது, அதனால் எல்லா வேலைக்கும் பொதுவான அச்சாக அதை வைக்க முடியாது.

நாமே நிறுவி டெம்ப்ளேட்டாக மாற்றும்போது தவறு பெரும்பாலும் சுத்தம் செய்வதில்தான் வரும். மெஷின்-ஐடியை (ஒவ்வொரு நிறுவலுக்கும் உரிய அடையாள எண்) அப்படியே விட்டால், மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் எண்) வேறாக இருந்தாலும் இரண்டு குளோன்களுக்கு ரவுட்டர் ஒரே ஐபி கொடுக்கக்கூடும். உபுண்டு டிஎச்சிபியில் (ஐபியைத் தானாகக் கேட்டு வாங்கும் முறை) தன்னை மெஷின்-ஐடி வழியாகத்தான் அடையாளம் காட்டுகிறது, அதுதான் காரணம். ஈடிசி அடைவில் உள்ள அந்தக் கோப்பை நீக்காமல், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள். டி-பஸ் (நிரல்கள் தங்களுக்குள் பேசும் சேவை) அடைவில் அதன் தனி நகல் இருந்தால் பழைய எண்ணே திரும்ப வந்து உட்காரும். அங்கே அதற்குப் பதில் ஈடிசி கோப்பைக் காட்டும் சிம்லிங்க் (இணைப்புக் கோப்பு) போடுங்கள். எஸ்எஸ்எச் சேவையின் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) ஹோஸ்ட் சாவிகளையும் அழியுங்கள். அழித்த பிறகு குளோனில் புதிய சாவி உருவாக ஏற்பாடு இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் எழும்பாது.

டிஸ்க்கிலும் இடைஞ்சல் உண்டு. உபுண்டு நிறுவல் நிரல் தானாகப் போடும் எல்விஎம்மில் (டிஸ்க்கை அடுக்குகளாகப் பிரிக்கும் முறை) இடம் கூட்ட, பார்ட்டிஷன், பிசிகல் வால்யூம், லாஜிக்கல் வால்யூம், ஃபைல் சிஸ்டம் என்று நான்கு அடுக்கையும் தனித்தனியே நீட்ட வேண்டும்.

கிளவுட் இமேஜ் என்பது உபுண்டு முன்கூட்டியே நிறுவப்பட்டு வரும் டிஸ்க் கோப்பு. அதில் இந்தப் பாடு இல்லை. 2 கோர், 2 ஜிபி ரேம், 10 ஜிபி டிஸ்க் என்று சிறிதாக வையுங்கள். டிஸ்க்கைப் பிறகு கூட்டுவது எளிது, குறைப்பதுதான் கடினம். கூட்டினால் அடுத்த பூட்டில் ரூட் பார்ட்டிஷன் தானே விரியும். முதல் பூட்டில் அமைப்புகளைப் போட்டுத் தரும் கிளவுட்-இனிட்டின் டிரைவையும் சீரியல் போர்ட்டையும் சேர்க்க மறக்காதீர்கள். ஹோஸ்ட்நேம், ஐபி, சாவி எல்லாம் ஒவ்வொரு குளோனுக்கும் வெளியிலிருந்தே போகும். சாவியும் கடவுச்சொல்லும் கொடுக்காமல் பூட் செய்தால் உள்ளே நுழைய வழியில்லை. கெஸ்ட் ஏஜென்டை (ப்ராக்ஸ்மாக்ஸுடன் பேசும் உள் நிரல்) விர்ட்-கஸ்டமைஸ் (பூட் செய்யாமலே இமேஜை மாற்றும் கருவி) மூலம் சேர்த்தால், முடித்ததும் மெஷின்-ஐடியை மறுபடி காலி செய்யுங்கள். அந்தக் கருவி அதில் ஓர் எண்ணை எழுதிவிடக்கூடும்.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நேரமண்டலம். இமேஜ் யுடிசியில் (உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) வரும். மண்டியில் விடியற்காலை 4 மணிக்குப் போடும் பில், சர்வரின் கணக்கில் முந்தைய நாள் இரவு 10:30. தேதியே மாறி, நாள் கணக்கு பொருந்தாது. ஆசியா/கொல்கத்தாவை டெம்ப்ளேட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டுக்கும் மேல் சர்வர் வேண்டுமென்றால் கிளவுட் இமேஜ்தான் எங்கள் பரிந்துரை, அதுவும் ஃபுல் குளோனாக (டிஸ்க் முழுதும் தனி நகல்). டெம்ப்ளேட்டின் டிஸ்க்கையே பகிரும் லிங்க்டு குளோன் நொடியில் தயாராகும், இடமும் மிச்சம். ஆனால் எல்லாம் ஒரே அடி டிஸ்க்கைச் சார்ந்தவை; அது கெட்டால் மண்டி, பள்ளி, ஆலை மூன்றும் சேர்ந்தே நிற்கும். சோதனைக்கு மட்டும் லிங்க்டு போதும்.

டெம்ப்ளேட்டை நேரடியாக இயக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஃபுல் குளோன் எடுத்து, அப்டேட் செய்து, சுத்தம் செய்து, புது மெய்நிகர் சர்வர் எண்ணில் டெம்ப்ளேட்டாக்குங்கள். லிங்க்டு குளோன் ஒன்றாவது மிச்சமிருக்கும்வரை பழையதை நீக்க முடியாது.