வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்ற: மியாட்டாவா, டொயோட்டா 86-ஆ?

இரண்டும் பின்சக்கர இழுவை கொண்ட நாலு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார்கள்தான். பிளக் மாற்றக் கையை வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

1989-இல் வந்த முதல் தலைமுறை மஸ்டா மியாட்டாவில் பானட்டைத் தூக்கியதும் நாலு பிளக் குழிகளும் இஞ்சின் தலையில் வரிசையாகத் தெரியும். பிளக்கில் மாட்டியிருக்கும் வயரை இழுக்காமல், அதன் ரப்பர் மூடியைப் பிடித்துச் சற்றே திருகி எடுங்கள். 16 மி.மீ. பிளக் சாக்கெட், அதை நீட்டிக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் கம்பி, அவ்வளவுதான். குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் (மேல்மூடியில் ஆயில் கசியாமல் அடைக்கும் பட்டை) போய்விட்டது என்று அர்த்தம். கையோடு அதையும் மாற்றிவிடலாம்.

2012-இல் வந்த 86-இல் கதையே வேறு. உள்ளே இருப்பது சுபாருவின் பாக்ஸர் இஞ்சின். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் பிளக்குகள் இருபுறமும் சேஸிஸைப் பார்த்து ஒளிந்திருக்கும். ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி), பேட்டரி இரண்டையும் கழற்றினால்தான் கை தாராளமாக நுழையும். பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலை உருவிய பிறகும் நீள எக்ஸ்டென்ஷனை நேராக விட இடமிருக்காது. 14 மி.மீ. சாக்கெட்டை முதலில் குழிக்குள் விட்டு, எக்ஸ்டென்ஷனைச் சிறு துண்டுகளாக இணைத்துக்கொண்டே போக வேண்டும். பொறுமை சோதிக்கும் வேலை! நல்லவேளை, இரிடியம் பிளக் என்பதால் அடிக்கடி வராது.

எந்தக் கார் என்றாலும் இஞ்சின் ஆறியிருக்கட்டும். அலுமினிய இஞ்சின் தலையில் பிளக் மாட்டும் மரை கெட்டால் செலவு பெரிது. புதுப் பிளக்கின் முதல் சில சுற்றுகளை ராட்செட் கைப்பிடி மாட்டாமல் விரலாலேயே சுழற்றுங்கள். மியாட்டாவில் அது சுலபம். 86-இல் பிளக்கின் தலையில் ரப்பர் டியூப் மாட்டித் திருகலாம்.

என்னைக் கேட்டால், முதல் முறை செய்பவருக்கு மியாட்டாதான். 86 வைத்திருப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக ஒதுக்கட்டும், இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடட்டும்.